குடைக்காரம்மா பார்த்த வீடு

வீடு காட்ட வருவார். வீட்டுக்குள் வர மாட்டார்.

கேட்டுக்கு வெளியே நிற்பார். கையில் கறுப்புக் குடை, ஆண்கள் பிடிக்கிற பெரிய குடை. வெயிலானாலும் மழையானாலும் விரித்துத்தான் பிடிப்பார். அங்கிருந்தே சத்தம் போடுவார்.

"நேரா போ நைனா. வலக்கை பக்கம் சமையல்கட்டு. தொட்டிக்குக் கீழ ஓதம் கீது, குனிஞ்சு பாரு. பாத்ரூம் கதவு மழைக்கு ஒட்டிக்கும். தள்ளிப் பாத்துக்க. அப்புறம் வந்து அக்கா சொல்லலன்னு சொல்லாத."

உள்ளே போய்ப் பார்த்தால் ஓதம் இருக்கும். கதவு ஒட்டிக்கொள்ளும்.

என் வீட்டுக்காரிக்கு இது பிடிக்கவில்லை. கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்பாள்.

"உள்ளயே வராத பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியுது?"

"விக்கிறவன் சொல்லியிருப்பான்."

"விக்கிறவன் ஓதம் கீதுன்னு சொல்லுவானா?"

திரும்பிப் பார்த்தால் கேட்டோரம் குடை நிற்கும். முகம் தெரியாது.

உள்ளே வாங்கக்கா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "நான் வந்துட்டுப் போனா, நாளைக்கு உன் பொண்ணுக்குத் தலை வலிச்சாலும் என் தலையிலதான் விடியும். நீ பாரு" என்றார். அவருக்குப் புருஷன் இல்லை. கழுத்தில் ஒரு மணிச்சரடு மட்டும். சர்ச்சுக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிறவரை போனை எடுக்க மாட்டார். வாஸ்து கேட்டால், "அத்த உங்க ஆளுங்ககிட்ட கேளு. வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், அதான் எனக்குத் தெரியும்" என்பார்.

ஊரில் எல்லாரும் குடைக்காரம்மா என்றார்கள். பெயர் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

நாங்கள் வீடு தேடியதற்குக் காரணம், குடியிருந்த வீட்டின் ஓனர் செத்துப்போனதுதான். நல்ல மனிதர். காரியம் முடிந்த கையோடு மூத்த மகன் சென்னையிலிருந்து வந்தான்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க. இடிச்சிட்டு கடை கட்டப் போறோம்."

ஆடியில் யாரும் குடி மாற மாட்டார்கள். அதுவும் இல்லாமல் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் எங்கள் ஊர் மலைக்கோயிலில் கொள்ளாது. நான் பொதட்டூர்பேட்டை ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அந்தச் சமயம் வண்டியை விட்டு இறங்கவே முடியாது. ஆகவே அதற்கு முன்னால் முடிய வேண்டும்.

வாடகைக்கே பார்த்திருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரிக்கு அம்மையார்குப்பத்தில் தறிக்கொட்டகையில் ஒரு பங்கு இருந்தது. அவள் அண்ணன் அந்தப் பங்கை எடுத்துக்கொண்டு காசாகக் கொடுத்துவிட்டான். ஒரு தடவைதான் வரும் காசு. சொந்தமாக வாங்கிவிடலாம் என்றாள். சரி என்றேன். அன்றிலிருந்து எனக்குப் பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஏரிக்கரைப் பக்கம் ஒருவன் வீடு வாங்கினான். பத்திரம் பார்த்தான், வில்லங்கம் பார்த்தான், எல்லாம் சுத்தம் என்று சொன்னார்கள். சில மழைக்காலம் கழித்து மிஷின் வந்து இடித்தது. தண்ணீர் போகிற இடமாம். அன்று நான் அந்தப் பக்கம் சவாரி போயிருந்தேன். ரோட்டில் பீரோ நின்றது. அதன் கண்ணாடியில் மிஷின் தெரிந்தது. அவன் மனைவி அந்தக் கண்ணாடியைப் புடவையால் மூடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டைப் பார்த்தாலும் எனக்கு அந்தப் பீரோ ஞாபகம் வரும்.

குடைக்காரம்மாவைக் காட்டியவன் பள்ளிப்பட்டுக்காரன். அவனும் ஆட்டோக்காரன்தான். என்னை மச்சான் முறையில் பாவா என்று கூப்பிடுவான், உறவு ஒன்றும் கிடையாது.

"பாவா, அந்தம்மாவ புடி. அது காட்ற வீட்ட வாங்கு. அது காட்டாத வீட்டாண்ட போவாத" என்றான்.

என் ஆட்டோவிலேயே போவோம். பின் சீட்டில் என் வீட்டுக்காரியும் அவரும். குடையை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு உட்காருவார். வழியில் சவாரி ஏற்றிக்கொள்வேன். ஏறுகிறவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு யோசனை சொல்வார்கள்.

மலையடிவாரத்தில் ஒரு வீடு பார்த்தோம். ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை. கேட்டோரம் நின்று குடைக்காரம்மா சொன்னார். "வீடு நல்ல வீடுதான். குரங்குக்கும் சேத்து ஒல வைக்கணும். ஃபிரிட்ஜ் தெறக்கத் தெரிஞ்ச குரங்குங்க." சொல்லி முடிப்பதற்குள் மதில் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. குடையை மடக்கி ஓங்கினார். போய்விட்டது. அந்த வீடு வேண்டாம் என்றாள் என் வீட்டுக்காரி.

இன்னொரு வீட்டில் மாடிப்படி பக்கத்து வீட்டுக்காரன் இடத்தில் இருந்தது. "அவங்கூட சண்ட வந்தா மொட்டமாடிய மறந்துடு. துணி காயப்போட அவன் பொண்டாட்டி கால்ல உழணும்" என்றார். சிரித்தோம். வேண்டாம் என்றோம்.

நாங்கள் எது வேண்டாம் என்றாலும் அவருக்கு முகம் சுருங்காது. அவசரப்பட்டால்தான் கோபம் வரும். "அவசரம்னா லாட்ஜுக்குப் போ. ஊர் பூரா லாட்ஜுதான்" என்பார்.

காட்டாத வீடுகளும் உண்டு. லுங்கி வியாபாரி ஒருவர் வீடு. புது வீடு, கிரானைட் தரை. சாவியை அவரிடம் கொடுத்திருந்தார் வியாபாரி. அடுத்த நாளே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடு ரோட்டில் வியாபாரி அவரைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் வண்டியில் இருந்தேன்.

"இன்னாம்மா, என் வீட்டுக்கு இன்னா கொறச்சல்? கமிஷன் பத்தலயா?"

"எனக்குத் தோணல சாமி. வேற ஆள வச்சி வித்துக்க."

"தோணலன்னா? காரணம் சொல்லு."

"காரணம் இருந்தா சொல்ல மாட்டேனா?"

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். வியாபாரி முகத்தில் கோபம் இல்லை. பயந்துபோய் நின்றார். அந்த வீட்டைப் பிறகு வேறு யாரோ விற்றுக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

ஆனி பிறந்த பிறகு அந்த வீடு வந்தது. சித்தூர் ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு தெரு. ஒரு கூடம், ஒரு அறை, சமையல்கட்டு. பின்னால் முருங்கை மரம். மாடியில் நின்றால் மலை தெரியும். விலை எங்கள் கைக்குள் இருந்தது. குடைக்காரம்மா கேட்டோரம் நின்றுகொண்டு வழக்கம்போல ஓதம், கதவு எல்லாம் சொன்னார். ஆனால் கடைசியில் எப்போதும் கேட்கிற "புடிச்சிருக்கா?" வரவில்லை. குடையை மடக்கி விரித்து மடக்கினார்.

என் வீட்டுக்காரிக்குப் பிடித்துவிட்டது. சமையல்கட்டு ஜன்னலோரம் நின்று கையை நீட்டிப் பார்த்தாள். எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பதென்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

பத்திரம் பார்த்தோம். வில்லங்கம் பார்த்தோம். சுத்தம் என்றார்கள். ஏரிக்கரைக்காரனுக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

தினமும் சவாரிக்கு நடுவில் அந்தத் தெருவுக்குப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வருவேன். இறங்க மாட்டேன். வண்டியிலிருந்தே பார்ப்பேன். சுவரைப் பார்ப்பேன், சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்ப்பேன். என்ன தேடினேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் மதியம் போனபோது கேட்டில் கறுப்புக் குடை மாட்டியிருந்தது.

உள்ளே வரவே வராதவர். வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வந்தேன். ஜன்னலில் ஒரு கதவு திறந்திருந்தது. பார்த்தேன்.

கூடத்தில் வெறும் தரையில் படுத்திருந்தார். பையைத் தலைக்கு வைத்து, கையைக் காலை நீட்டி. எனக்கு முதலில் செத்துப்போய்விட்டார் என்றுதான் பட்டது. கூப்பிடப் போனேன். அப்போது எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரம். மறுபடி எழுந்தார். சமையல்கட்டு வாசலில் படுத்தார். அங்கேயும் நிலைகொள்ளவில்லை. கடைசியில் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கண் திறந்தபடி இருந்தது. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தமில்லாமல் வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் ஓட்டிய சவாரி எதுவும் நினைவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என் வீட்டுக்காரி அந்த வீட்டை விட்டுவிடுவாள். பள்ளிப்பட்டுக்காரனிடம் மட்டும் கேட்டேன். அவன் வீடும் குடைக்காரம்மா பார்த்துக் கொடுத்ததுதான்.

"ஏம்பா, உன் வீட்டுக்குள்ள அந்தம்மா வந்துச்சா?"

"முன்ன இருந்தவங்க சொல்லித்தான் பாவா எனக்கே தெரியும். தண்ணி கேட்டுகினு வந்துச்சாம். தலை சுத்துதுன்னு சொல்லி கூடத்துல படுத்துகிச்சாம். சாயங்காலம் வரைக்கும் குறட்ட. தெருவே கேட்டுதாம். எழுந்து ஒரு காபி குடிச்சிட்டுப் போயி, அன்னிக்கே எனக்குப் போன் பண்ணி, வாங்குன்னுச்சு."

"தூங்கிச்சா?"

"குறட்டன்றேனே."

அப்போது புரிந்தது. ஓதமும் கதவும் எப்படித் தெரிந்தன என்பதும் புரிந்தது. வெறும் தரையில் மணிக்கணக்கில் படுத்துக் கிடந்து, எழுந்து நடமாடினால் எல்லாம் தெரியும். அவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பகல் படுத்துப் பார்க்கிறார். தூக்கம் வந்தால் நல்ல வீடு. வராவிட்டால் சாவி திரும்பிப் போகும்.

எங்கள் வீட்டில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் சாவி திரும்பிப் போகவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அவரைத் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பாமலே கேட்டேன்.

"அக்கா, நேத்து அந்த வீட்டுல படுத்திருந்தீங்க."

குடை நுனி தரையில் ஒருமுறை தட்டியது. பிறகு கேட்டார்.

"பாத்துட்டியா?"

"ஆங்."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"சொல்லல."

"சொல்லாத. தாலியறுத்தவ படுத்த வீடுன்னு உட்டுடுவா. நல்ல வீட்டையெல்லாம் அப்படி உட்டுருக்காங்க. அதுக்குத்தான் நான் ஆளுங்க எதிர்ல உள்ள வர்றதில்ல."

"அது இல்லக்கா. நீங்க தூங்கல."

கண்ணாடியில் பார்த்தேன். குடைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நானும் என் வூட்டுக்காரும் ஒரு வீடு வாங்கினோம் நைனா. மொத நாளே எனக்குத் தூக்கம் வர்ல. புது இடம்னு நெனச்சேன். அவரு சந்தோசமா இருந்தாரு. எப்படிச் சொல்றது? சொல்லல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. இந்தக் குடை அவருது."

கூட்ஸ் வண்டி போனது. அவர் புருஷனைப் பற்றி அதற்குமேல் நான் கேட்கவில்லை.

"அப்ப இந்த வீடு வேணாமாக்கா?"

"அதான் எனக்கே தெரில. கொஞ்ச நாளா எந்த வீட்டுலயும் தூக்கம் வர்ல. நான் இருக்கற ரூம்லயே வர்ல. நெஞ்சு படபடன்னு அடிச்சிகினே கெடக்குது. வீட்டு மேல தப்பா, என் மேல தப்பான்னு சொல்ல முடியல. அதுக்குத்தான் சாவிய குடுக்காம வச்சிருக்கேன்."

கேட் திறந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. இத்தனை நாளும் அவர் சொல்லை ஒரு பிடிமானமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று.

"நான் இன்னா பண்றது?" என்றேன்.

பையில் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினார். "நீ போய் படுத்துப் பாரு."

போனேன். கூடத்தில் படுத்தேன். தரை குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கூரையில் ஒரு விரிசல், மயிர் மாதிரி. அது முன்பே இருந்ததா, இப்போது வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் சொட்டியது. எங்கேயோ ரயில் போனது, ஜன்னல் அதிர்ந்தது. கண்ணை மூடினால் மூடிய கண்ணுக்குள் பீரோ நின்றது. பயந்தவனுக்கு எந்த வீட்டில் தூக்கம் வரும்?

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"வந்துதா?"

"வர்ல."

சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நோவு" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனால் வாசலில் செங்கல் இறக்கியிருந்தது. ஓனர் மகன் ஆள் வைத்துப் பின்பக்க மதிலை இடிக்கத் தொடங்கிவிட்டான். எங்கள் துணி காயும் கொடியெல்லாம் தூசி. என் பெண் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வீடு சரியா வருமா தெரியல" என்றேன் என் வீட்டுக்காரியிடம்.

"இந்த வீட்டுல மட்டும் உனக்குத் தூக்கம் வருதா?" என்றாள்.

திடுக்கென்றது எனக்கு. தூக்கத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். சும்மாதான் சொன்னாள் போலிருந்தது.

பதிவு செய்துவிட்டோம். ஆனியில் பால் காய்ச்சக் கூடாது என்றான் அவள் அண்ணன். ஆடியில் காய்ச்சவே கூடாது. வேறு மாதம் எங்களுக்கு இல்லை. அதுவும் ஒரு பயமாகச் சேர்ந்துகொண்டது. காய்ச்சினோம்.

குடைக்காரம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். வந்தார். கேட்டோரம் நின்றார். வெயில் சுட்டது. இளைத்திருந்தார். கேட்டில் மாட்டிய குடை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார்.

என் வீட்டுக்காரி வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"உள்ள வாக்கா."

"இருக்கட்டும்மா. இங்கயே ஒரு வாய் பால் குடு."

"சும்மா வா. நீ உள்ள வராதவதான் பாரு. அன்னிக்கு மத்தியானம் பூரா படுத்திருந்தியாமே. எதிர் வீட்டம்மா அப்பவே சொல்லிட்டாங்க."

குடைக்காரம்மா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"தெரிஞ்சா நீ ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன் என் வீட்டுக்காரியை.

"சொன்னா நீ பயந்துகினு வீட்ட உட்டுடுவ. எனக்குத் தெரியாதா உன்ன?" என்றாள். பிறகு அவர் கையைப் பிடித்தாள். "தலை சுத்துற மாதிரி நிக்கறியே. வாக்கா. அன்னிக்குத் தூங்கின மாதிரி கொஞ்ச நேரம் தூங்கி எழுந்துரு."

தூங்கியதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். எதிர் வீட்டம்மா பார்த்தது உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் மட்டும்தான்.

குடையை மடக்கிக் கேட்டில் மாட்டினார். செருப்பை விட்டார். எல்லார் கண்ணெதிரிலும் ஒரு வீட்டுக்குள் கால் வைத்தார். பால் குடித்தார். என் பெண் பாய் விரித்துத் தலையணை கொடுத்தாள். கூடத்தில் படுத்தார், அன்று படுத்த அதே இடத்தில்.

வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் உருண்டது. அண்ணன் யாரையோ அதட்டினான். நான் சுவரோரம் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறட்டை வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. கண் மூடியிருந்தது, இமை ஆடிக்கொண்டே இருந்தது. கழுத்து நரம்பு துடித்தது.



கண்ணைத் திறந்தார். நேராக என்னைப் பார்த்தார். நான் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சுவர்ப்பக்கமாகப் புரண்டு படுத்தார்.

உடனே குறட்டை வந்தது. பெரிய குறட்டை. கூடமே கேட்டது. என் வீட்டுக்காரி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, எப்படித் தூங்குதுன்னு."

"ஆங்" என்றேன்.

அந்த ஐப்பசியில் அவர் போய்விட்டார். பக்கத்து ரூம்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது. சர்ச்சுக்காரர்கள் எடுத்து அடக்கம் செய்தார்கள். நான் வண்டியில் கொஞ்சம் பேரை ஏற்றிப் போனேன். குடை என்ன ஆயிற்றென்று தெரியவில்லை.

வீடு நிற்கிறது. கூரை விரிசல் அப்படியேதான் இருக்கிறது, நீளவில்லை. பென்சிலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலம் வந்தால் தினமும் அண்ணாந்து பார்க்கிறேன். என் வீட்டுக்காரி பகலிலும் தூங்குகிறாள், அந்த இடத்திலேயே பாய் போட்டு. நல்ல வீடு என்று அந்தம்மாவே தூங்கிக் காட்டிவிட்டுப் போனார் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள்.

கண்ணை மூடின மாத்திரத்தில் யாருக்கும் குறட்டை வராது. அதை நான் அவளிடம் சொன்னதில்லை.